பட்டறை பார்க்கப் போறவளுக்கு அக்கா சொல்றது

நீ அனுப்பின இலங்கைப் பயணத் திட்டத்தைப் பார்த்தேன். நல்லூர் கோயில், நயினாதீவு, கண்டி, நுவரெலியா எல்லாம் சரி. அதுக்கு நடுவுல "கைவினைப் பட்டறைகள், நேரம் இருந்தா"ன்னு ஒரு வரி போட்டிருக்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். நேரம் மிஞ்சினா எட்டிப் பார்த்துட்டு வர்ற இடம் இல்லடி அது.

"குறிஞ்சிப்பாடிக்காரிக்கே பட்டறை பார்க்கச் சொல்லித் தர்றியா"ன்னு கேப்ப. நீ படிப்பு, ஹாஸ்டல், அப்புறம் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்னு போயிட்ட. நம்ம வீட்டுத் தறியைப் பார்க்க வந்தவங்களுக்குப் பாய் போட்டு, மோர் குடுத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவ நான். வர்றவங்கள்ல யாரு வந்தா அப்பா முகம் மலரும், யாரு வந்தா சீக்கிரம் போனாத் தேவலைன்னு இருக்கும்னு எனக்குத் தெரியும். இப்ப நீ வாசலுக்கு அந்தப் பக்கம் நிக்கப் போற.

முதல் விஷயம் கூலி. உங்க டவுன்ஷிப்புல ஷிப்ட் முடிஞ்சா சம்பளம் தானா ஏறும். கைலி நெய்யறவருக்கு அப்படி இல்ல. துணி அறுத்து சங்கத்துலயோ முதலாளிகிட்டயோ குடுத்தாத்தான் காசு. நாடா நின்னா கூலி நின்னுச்சு. இலங்கையில பனை ஓலை பின்றவங்க, பாய் நெய்யறவங்க, முகமூடி செதுக்கறவங்க பலருக்கும் இதே கணக்குதான். நீ அரைமணி நேரம் நின்னு பேசினா அது அவங்க பையிலேருந்து எடுத்துக் குடுக்கற அரைமணி நேரம். அதனால ஒண்ணு, எதையாவது வாங்கு. வாங்கறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா, "உங்க வேலை கெட்டுச்சே, இதை வச்சுக்கங்க"ன்னு கையில குடு. கூச்சப்படுவாங்க, பிள்ளைகளுக்குன்னு சொல்லிக் குடு. செல்ஃபி எடுத்து டேக் பண்றேன்னு சொல்றது கூலி ஆகாது.

ரெண்டாவது, போற நேரம். வருஷத்துல எப்ப, நாள்ல எப்ப, ரெண்டுமே. நம்ம ஊர்ல ஐப்பசி, கார்த்திகையில யாராவது தறி பார்க்க வர்றேன்னா அம்மா வேணாம்னுடுவாங்க. குழித்தறிப் பள்ளத்துல தண்ணி ஊறும், தெருவுல பாவு நீட்டிக் கஞ்சி போட வெயில் இருக்காது, பாதி வீட்ல தறி சும்மா கிடக்கும். யாழ்ப்பாணத்துக்கும் கிழக்குக் கரைக்கும் அதே வடகிழக்கு மழைதான், அதே மாசங்கள்தான். நாகப்பட்டினம் கப்பலும் அந்தச் சமயத்துல நின்னுடும். தெற்கே காலி, அம்பலாங்கொடை பக்கம் மழை வேற, வைகாசியிலேருந்து தென்மேற்கு. ரெண்டுக்கும் தப்பிக்கணும்னா மாசி, பங்குனி. சித்திரை முதல் வாரத்தை விட்டுடு. தமிழர்களுக்கும் சிங்களவங்களுக்கும் அன்னிக்குத்தான் வருஷப் பிறப்பு, பட்டறைக்காரங்க ஊருக்குப் போனா லேசுல திரும்ப மாட்டாங்க. இன்னொண்ணு, மாசாமாசம் பௌர்ணமி அங்க அரசு விடுமுறை, போயா தினம்னு சொல்வாங்க. காலண்டர்ல அதைச் சிவப்பு மையில வட்டம் போட்டுட்டு டிக்கெட் எடு.

நாகப்பட்டினத்துலேருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபர்ல மறுபடி தொடங்கினாங்க, நடுவுல நின்னு 2024 ஆகஸ்ட்ல திரும்ப ஓடிச்சு. ஏறத்தாழ நாலு மணி நேரம். கடல் நிலவரம் பார்த்துத் தேதியை மாத்துவாங்க, அதனால இறங்கின அன்னிக்கே யாரையும் பார்க்க நேரம் குறிச்சுக்காத. விசாவுக்கு ஈடிஏ ஆன்லைன்ல முன்னாடியே போட்டுடு. கூட எடுத்துட்டுப் போற சாமானுக்கு எடைக் கணக்கு உண்டு, திரும்பி வர்றப்பதான் அது உறுத்தும்.

போற வழியிலேயே ஒரு ஒத்திகை பார்த்துக்க. சிதம்பரத்துலேருந்து சீர்காழி போற ரோட்டுல, கொள்ளிடம் தாண்டினா தைக்கால் வரும். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பிரம்பு நாற்காலி, ஊஞ்சல், கோரைப் பாய். கார்ல போறவங்க கண்ணாடியை இறக்கி விலை கேட்டுட்டுப் போயிடுவாங்க. நீ இறங்கு. கடைக்குப் பின்னாடி வேலை நடக்குதான்னு பாரு, பிரம்பை நெருப்புல காட்டி வளைக்கிறவர் பக்கத்துல ஓரமா நில்லு. எப்ப பேசலாம், எப்ப பேசக் கூடாதுன்னு உனக்கே பிடிபடும். நெருப்புல பிரம்பு இருக்கறப்ப ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டாங்க, அது கோபம் இல்ல. வளைச்சு முடிச்சதும் அவங்களே திரும்பிப் பேசுவாங்க.

யாழ்ப்பாணம் போனதும் கண்ணை மூடிட்டு பனை ஓலைதான். பனை அபிவிருத்திச் சபைன்னு அரசு அமைப்பு ஒண்ணு இருக்கு, கற்பகம்ங்கற பேர்ல அவங்க விற்பனை நிலையம் வச்சிருக்காங்க. ஏ9 ரோட்டுல கைதடியில பனை ஆராய்ச்சி நிலையமும் இருக்கு. முதல் நாள் கற்பகத்துக்குப் போய்ப் பொருளை எல்லாம் பார்த்து, விலை தெரிஞ்சுக்க. இதையெல்லாம் எந்த ஊர்ல பின்றாங்க, பார்க்கப் போகலாமான்னு அங்கேயே கேளு. யாரோ ஒரு ஆட்டோக்காரர் கூட்டிட்டுப் போற வீட்டை விட, பொருள் குடுக்கறவங்க பேரு தெரிஞ்ச இடத்துலேருந்து வழி கேட்டுப் போறது எவ்வளவோ மேல். கடை விலையும் தெரிஞ்சிருக்கும், வீட்ல போய் "இது அதிகமா, கம்மியா"ன்னு முழிக்க வேண்டியதில்ல. நம்ம ஒரு ரூபாய்க்கு அங்க மூணு ரூபாய்க்கு மேல கிடைக்கும். விலைச் சீட்டுல ஆயிரம், ரெண்டாயிரம்னு பார்த்ததும் வாய் தானா பேரம் பேச ஆரம்பிச்சுடும். மூணால வகுத்துப் பார்த்துட்டு அப்புறம் வாயைத் திற.

ஓலை வேலையை வேடிக்கை பார்க்க காலையோ சாயங்காலமோ போ. உச்சி வெயில்ல ஓலை முறுகும், மடிக்கிற இடத்துல விரியும். உட்கார்ந்து பார்த்தா நீயே புரிஞ்சுக்குவ. விரியாத குருத்தை வெட்டி, காய வச்சு வெளுப்பாக்கின ஓலை. அதுலேருந்து ஈர்க்கை உருவி, ஒரே அகலத்துல கிழிக்கிறாங்க பாரு, அங்கதான் கைத்திறமை மொத்தமும். பின்றதை எல்லாரும் வீடியோ எடுப்பாங்க, கிழிக்கிறதை யாரும் பார்க்கறதில்ல. நம்ம வீட்லயும் அப்படித்தானே, வர்றவங்க நாடா ஓடறதைப் பார்ப்பாங்க, மூலையில பாட்டி உட்கார்ந்து தார் சுத்தறதை ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்ல. தார் ஒழுங்கா இல்லேன்னா நாடா எங்கேருந்து ஓடும்? எந்தப் பட்டறைக்குப் போனாலும் முன் வேலை செய்யறவங்க யாருன்னு தேடிப் பிடி, பெரும்பாலும் வயசான பொம்பளையா இருப்பாங்க. அவங்ககிட்ட ஒரு கேள்வி கேளு. அந்த வீடே உன்னை வேற மாதிரி பார்க்கும்.

வாங்கறதுக்கு எனக்குப் பிடிச்சது நீத்துப்பெட்டி. கூம்பு மாதிரி இருக்கும், அதுல பிட்டு மாவைப் போட்டு, தண்ணி கொதிக்கிற பானை வாயில வச்சு அவிப்பாங்க. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாரு, பின்னல் இடுக்குல பெரிசா ஓட்டை தெரியக் கூடாது, கூம்பு முனை இறுக்கமா முடிஞ்சிருக்கணும். சமையலுக்குன்னா சாயம் போட்டது வேணாம், வெறும் ஓலை நிறம்தான். வாங்கினதும் ஒரு தடவை தண்ணியில ஊற வச்சு, வெறுமனே ஆவியில வச்சு எடுத்துட்டு அப்புறம் புழங்கு. ஒவ்வொரு தடவையும் நல்லா காய வைக்கலேன்னா பூஞ்சை பிடிக்கும். சுளகு, கடகம், பனங்கட்டி போட்டு வைக்கிற குட்டான் எல்லாமும் நல்லா இருக்கும். கடகத்துக்கு விளிம்புல நார் சுத்தியிருக்கறதை இழுத்துப் பாரு, ஆடினா வேற எடு.

பேச்சுல ஒண்ணு கவனம். நம்ம பக்கம் பாசமா "நீ, வா, போ"ன்னு சொல்றது அங்க எடுபடாது. சின்னப் பிள்ளையைக் கூட "நீங்கள், வாங்கோ"ன்னுதான் பல வீட்ல கூப்பிடுவாங்க. வயசானவங்களை அம்மா, ஐயான்னு சொல்லு. போரைப் பத்தி நீயா எடுக்காத. அவங்க சொன்னா கேட்டுக்க, வாயைப் பிளந்துட்டுக் குறுக்குக் கேள்வி கேக்காத.

யாழ்ப்பாணத்துலேருந்து ஏ9 ரோடு நேரா கண்டியில போய் முடியுது. கண்டியைச் சுத்தித்தான் உஷார் தேவை. பாத்திக் துணிக் கடை, மரச் சிற்பக் கடை, ரத்தினக் கல் கடை, வாசனைத் தோட்டம்னு வரிசையா இருக்கும், எல்லாத்துலயும் "பட்டறை"ன்னு ஒரு மூலை. அங்க ஒரு பொண்ணு மெழுகைத் தொட்டுத் துணியில கோடு போட்டுக் காட்டும், ரெண்டே நிமிஷத்துல உன்னைக் கடைக்குள்ள தள்ளிடுவாங்க. வண்டிக்காரருக்கு அதுல கமிஷன் போகும், அதுவும் உன் பில்லுலதான் ஏறும். அது ஏமாத்துன்னு நான் சொல்ல வரல, அவங்களும் பிழைக்கணும். ஆனா அது கடை, பட்டறை இல்ல.

நிஜப் பட்டறையை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, பாதி முடிஞ்ச பொருளைத் தேடு. ஒரே மாதிரி இருபது, முப்பது அரைகுறையாக் குவிஞ்சு கிடக்கணும். வேலை செய்யறவங்க ஒண்ணை முழுசா முடிச்சுட்டு அடுத்ததை எடுக்கறதில்ல, எல்லாத்தையும் ஒரு கட்டம் வரைக்கும் கொண்டு வந்துட்டுத்தான் அடுத்த கட்டம். உளிப் பிடி கை பட்டுக் கறுத்திருக்கணும். ஆர்டர் எழுதின நோட்டு சுவத்துல தொங்கும். ஒழிஞ்ச மூலையில பிள்ளைங்க புத்தகப் பை கிடக்கும். கழிச்சுப் போட்டதுன்னு ஒரு குவியல் இருக்கும், அதுதான் ரொம்ப முக்கியம். கழிவே இல்லாத பட்டறையில வேலையும் நடக்கல.

கண்டிக்கு வடக்கே மாத்தளைப் பக்கம் ஹப்புவிதன்னு ஒரு ஊரு, அரக்கு வேலைக்குப் பேர் போனது. தவற விடாத. அரக்கைச் சூடு காட்டி நூல் மாதிரி இழுத்து, தடி மேல ஒட்டி, கட்டை விரல் நகத்தால கிள்ளிக் கிள்ளிக் கோலம் போடுவாங்க. தூரிகை கிடையாது, நகம்தான் கருவி. பக்கத்துல போய்ப் பார்க்கலாம், ஆனா மின்விசிறி போடச் சொல்லாத, அரக்கு ஆறிடும். சின்னதா ஒரு பேனா, ஒரு கரண்டிப் பிடின்னு வாங்கலாம். அதை வெயில் அடிக்கிற கார் கண்ணாடி ஓரத்துல வைக்காம பார்த்துக்க.

கண்டிக்குப் பக்கத்துல ஹேனவலன்னு ஒரு கிராமத்துல தும்பறைப் பாய் நெய்யறாங்க. 2021ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. முன்னே அரண்மனைக்குன்னு நெஞ்ச சமூகம், அப்பவும் ஊருக்கு ஒதுக்குப்புறமா வச்சிருந்தாங்க அவங்களை. பாய் ராஜா வீட்டுக்குள்ள போகலாம், நெஞ்சவங்க போகக் கூடாது. நம்ம ஊர்க் கதைக்கும் அதுக்கும் அதிக தூரம் இல்ல. ஹனன்னு ஒரு செடி நாரை எடுத்து, சாயம் ஏத்தி, தரையோட தரையா இருக்கற தறியில நெய்யறாங்க. நாரு கிடைக்கிறது வரவர அருமையாகுது. அதனால அங்க "இன்னும் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க"ன்னு ஆரம்பிக்காத, சொன்ன விலையைக் குடு. பெரிசு வாங்க முடியலேன்னா சின்னப் பை, தலையணை உறை இருக்கும்.

நெய்வேலிக்காரி உனக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு சேதி. ஆனந்த குமாரசாமின்னு கேள்விப்பட்டிருப்ப, 1877ல கொழும்புல பிறந்தவர், அப்பா தமிழர். அவரு கலைக்குன்னு ஊருக்குள்ள நுழையல. மண்ணையும் கல்லையும் ஆராயறவர், இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்கு இயக்குநரா இருந்தவர். கல்லைத் தேடிக் கிராமம் கிராமமா அலைஞ்சவர் கண்ணுல அங்க இருந்த கம்மாளர், சாயக்காரர், அரக்கு வேலைக்காரர் பட்டாங்க. அதையெல்லாம் எழுதி 1908ல இடைக்காலச் சிங்களக் கலைன்னு ஒரு பெரிய புத்தகமாப் போட்டார். கருவி, பொருள், முறைன்னு ஒவ்வொண்ணா எழுதி வச்சிருக்கார். போறதுக்கு முன்னாடி ஏதாவது லைப்ரரியில படங்களையாவது புரட்டிப் பாரு. அதுல இருக்கற அதே நக வேலையை நேர்ல பார்க்கறப்ப உனக்கு என்ன கேக்கணும்னு தெரியும்.

இப்ப உன் திட்டத்துல இல்லாத ஊருக்கு வர்றேன். நுவரெலியாவுல ஒரு நாளைக் குறைச்சாவது மருதமுனை போ. கிழக்குக் கரையில, மட்டக்களப்புக்குத் தெற்கே, கல்முனைக்குப் பக்கத்துல. தமிழ் பேசற முஸ்லிம் ஜனங்க, ஊரே கைத்தறி. சாரம்னு அவங்க சொல்றது நம்ம கைலிதான். 2004 டிசம்பர் 26 அன்னிக்கு நம்ம கடலூர்க் கரையை அடிச்ச அதே அலை அந்த ஊரையும் அடிச்சது. வீடும் தறியும் சேர்ந்து போச்சு பல பேருக்கு. அதுக்கப்புறமும் தறி போட்டு உட்கார்ந்திருக்காங்க.

அங்க நீ டூரிஸ்ட் இல்ல, தறி வீட்டுப் பொண்ணு. அதைச் சொல்லிட்டே உள்ள போ. "எத்தனாம் நம்பர் நூல் போடறீங்க, நூல் எங்கேருந்து வருது, சாயம் நீங்களே ஏத்தறீங்களா, கூலி துணிக்கா நாளுக்கா" இப்படிக் கேளு. எங்க ஊர்ல இது மலிவுன்னு மட்டும் வாயைத் திறந்துடாத. நம்ம ஊர்ல மலிவா இருந்தா யாரோ ஒருத்தர் கூலி குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், அது பெருமைப்பட வேண்டிய சமாச்சாரம் இல்ல. தலையை மூடிக்கத் துப்பட்டா எடுத்துட்டுப் போ, வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாத. வீட்ல பொம்பளைங்க நெய்யறாங்கன்னா உன் கூட வர்ற ஆம்பளைங்களை வாசல்லயே நிறுத்திட்டு முதல்ல கேட்டுக்க.

தறி கிட்ட நிக்கிற முறை உனக்கே தெரியணும், ஆனா உன் கூட வர்ற தோழிங்களுக்குச் சொல்லு. செருப்பு வாசல்ல. பாவு மேல கை வைக்கக் கூடாது, கையில இருக்கற எண்ணெயும் வேர்வையும் நூல்ல ஏறிட்டா அந்த இடம் கறையா நிக்கும். வளையல், கைப்பை வாரு, தொங்கற துப்பட்டா மூணும் இழையில மாட்டற சாமான், முன்னாடியே சுருட்டிக்கணும். தறியையோ தரையில கிடக்கற நாடாவையோ தாண்டக் கூடாது. "நானும் ஒரு தடவை மிதிச்சுப் பார்க்கட்டுமா"ன்னு கேக்கறது எல்லாருக்கும் ஆசைதான். தப்பா மிதிச்சா இழை அறும், அறுந்த ஒவ்வொண்ணையும் விழுதுலயும் அச்சுலயும் தேடிக் கோத்து முடிச்சுப் போடணும். வந்தவங்க சிரிச்சுட்டுப் போயிடுவாங்க, அதுக்கப்புறம் உட்கார்ந்து முடிச்சுப் போட்டது நம்ம அப்பா. ஒரு தடவை ஒருத்தர் "இன்னும் மெதுவா, இன்னும் மெதுவா"ன்னு வீடியோவுக்காக நாடாவை விடச் சொல்லி, கடைசியில ஒரு துண்டுக்குப் பேரம் பேசினாரு. அப்பா குறைச்சே குடுத்தாரு. அம்மாதான் அன்னிக்கு ராத்திரி வரைக்கும் முணுமுணுத்தாங்க.

கைத்தறிதானான்னு பார்க்க ஒரு வழி சொல்றேன், ரெண்டு நாட்லயும் உதவும். துணி ஓரத்துல, கரை நெடுக, ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னப் புள்ளி இருக்கும். நெய்யறப்ப அகலம் சுருங்காம இழுத்துப் பிடிக்கக் குச்சி குத்துவாங்க, அந்தத் தடம். அப்புறம் உள்பக்கம் திருப்பிப் பாரு. சாயம் ஏத்தின நூல்ல நெஞ்ச கட்டம் ரெண்டு பக்கமும் ஒரே நிறமா இருக்கும். ஒரு பக்கம் வெளிறியிருந்தா அச்சடிச்சது. நம்ம நாட்ல 1985 சட்டப்படி கைத்தறிக்குன்னு ஒதுக்கின துணி வகையில லுங்கியும் உண்டு, இருந்தும் கடையில விசைத்தறித் துணியைக் கைத்தறின்னு நீட்டறாங்க. அங்கேயும் அது நடக்காதுன்னு யாரு கண்டா? ஆனா ஒண்ணு, நெய்யறவர் வீட்டுக்குள்ள உட்கார்ந்துட்டுத் துணியைத் திருப்பித் திருப்பிச் சோதனை போடாத. அதைக் கடையோட வச்சுக்க.

அம்பலாங்கொடை முகமூடி பார்க்க நேரம் இருந்தா போ. கொழும்பு, காலி ரயில் பாதையில தான் ஊரு. கதுருன்னு இலேசான மரம், பேயோட்டற சன்னி ஆட்டத்துக்குப் பதினெட்டு நோய்க்குப் பதினெட்டு முகம். கடையில தொங்கறது பெரும்பாலும் சுவத்துக்குன்னே செஞ்சது. ஆடறதுக்குச் செஞ்சதுன்னா கண்ணுக்கும் மூச்சுக்கும் ஓட்டை இருக்கும். அவ்வளவுதான், எனக்கு அதுல அதிக ஈடுபாடு இல்ல.

எங்கேயும் படம் எடுக்கறதுக்கு முன்னாடி கேளு. முக்கியமா டிசைன் வரைஞ்ச பேப்பரையும் சாயத் தொட்டியையும் எடுக்காத, அது அவங்க பிழைப்பு. புத்தர் சிலை இருந்தா அதுக்கு முதுகு காட்டி நின்னு படம் எடுக்கக் கூடாது. புத்தர் முகம் போட்ட சட்டை, பை எதுவும் வாங்காத, போட்டுட்டும் போகாத, அங்க அது பெரிய பிரச்சினையாகும். பழசு, பரம்பரைச் சொத்துன்னு யாராவது ரகசியமாக் காட்டினா தொடாத. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை அனுமதி இல்லாம இலங்கையை விட்டு எடுத்துட்டு வர முடியாது. ஆமை ஓடு, யானைத் தந்தம், பவளப் பாறை, இதுல செஞ்சது எதுவுமே வேணாம். வாங்கின ஒவ்வொண்ணுக்கும் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கிக்க, துறைமுகத்துல கேட்டா காட்டலாம்.

சாமான் கட்டறப்ப சாரத்தை அடியில விரிச்சு, நீத்துப்பெட்டிக்குள்ள உன் உள்பாவாடை, சாக்ஸ் எல்லாம் திணிச்சுடு, கூம்பு நசுங்காது. சுளகு பெட்டிக்குள்ள அடங்காது, துணியில சுத்திக் கையிலயே வச்சுக்க. அரக்குச் சாமான் நடுவுல. எனக்கு நீத்துப்பெட்டி ரெண்டு, அப்பாவுக்கு மருதமுனைச் சாரம் ஒண்ணு, கட்டம் எதுவா இருந்தாலும் சரி, நீலம் மட்டும் வேணாம். விலையை அவர்கிட்ட பாதியாச் சொல்லு.